அண்ணாச்சி கொடுத்த இரட்டைக் கூலி

சோற்றுத் தட்டு சுவரில் மோதி விழுந்தது. ரசம் வழிந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. துணியை எடுக்கத் தங்கமயில் குனியவில்லை. எறிந்தவரே துடைக்கட்டும் என்று நின்றாள்.

“ஓவர்டைமாம்! டபுள் கூலியாம்! யார்கிட்ட கேக்கான்? ஊர்ல சும்மா கெடந்த பயல கூட்டியாந்து மிஷின்ல உக்கார வச்சவன்கிட்ட கேக்கான்!” அவள் புருஷன் ஞானதுரை கத்தினார்.

“ராப்பகலா தச்சாம்லா. கேக்கத்தான செய்வான்.”

“சோறு போடலியா நான்?”

“ஆக்கிப் போட்டது நான்,” என்றாள் தங்கமயில்.

தாராவியில் அவர்களுக்கு வீடு மேலே, தோல் பை தைக்கும் கார்கானா கீழே. அங்கே ஞானதுரையை யாரும் முதலாளி என்று கூப்பிடக் கூடாது. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அதை அன்பு என்று தெருவே நம்பியது. தங்கமயிலுக்கு விஷயம் தெரியும். முதலாளியிடம் கூலி கேட்கலாம். அண்ணாச்சியிடம் கேட்க வாய் கூசும். அந்தக் கூச்சத்தில்தான் மேலே ஏசி ஓடியது.

கூச்சப்படாமல் கேட்டவன் இசக்கிராஜ். ஞானதுரைக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. தீபாவளி ஆர்டர் முடியும் வரை அவன் பொழுது சாய்ந்தும் வீட்டுக்குப் போனதில்லை. பக்கத்தில் சுனாபட்டியில் அவன் மனைவி ஷர்மிளா நிறைமாதமாகத் தனியே கிடந்தாள். பிரசவச் செலவுக்கு ஆகுமே என்று அதிகப்படி நேரத்துக்கான கூலியைக் கேட்டான். இனி இந்தப் படி மிதிக்காதே என்று ஞானதுரை அவனை அன்றே துரத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஆதித்யன் ஐரோலியிலிருந்து வந்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முகம் வாடியிருந்தது.

“டெய்லி லேட் சிட்டிங் டாடி. எக்ஸ்ட்ரா பேமெண்ட் கேட்டா, நாம எல்லாரும் ஒரே ஃபேமிலிதானன்னு மேனேஜர் சிரிக்கான்.”

ஞானதுரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஃபேமிலியா? எவன் வீட்டுக் குடும்பம்ல அது? வேல வாங்குனா துட்டு குடுக்கணும். சட்டம் இருக்குல்லா! டபுள் கேளு. தரலன்னா லேபர் ஆபீசுக்குப் போ. திருட்டுப் பயலுவ!”

மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த தங்கமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எதுக்கு இளிக்க?”

“இதத்தான இசக்கியும் கேட்டான்.”

“அது வேற. அவன் நம்ம சொந்தம்.”

சொல்லும்போது அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இத்தனை வருஷம் இந்த மனிதரைக் கண்டு பயந்திருந்தோமே என்று தங்கமயிலுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பயப்பட அங்கே என்ன இருந்தது?

சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் இசக்கிராஜுக்குப் போன் போட்டாள்.

“ஏல இசக்கி, லேபர் ஆபீசுல போயி எழுதிக் குடு.”

“அண்ணாச்சி மேலயா மயினி? நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாவ?”

“ஊரா வந்து ஒம் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாக்கும்? போயி எழுதிக் குடுல. நான் இருக்கேன்.”

விசாரணை நாளன்று ஞானதுரையே அவளைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார். டாக்சியில் போகும் வழியெல்லாம் பாடம் நடந்தது. “இருட்டுமுன்ன கார்கானாவப் பூட்டிருவோம்னு சொல்லு. அவன் நம்ம வீட்டுப் பிள்ள, ஒத்தாசைக்கு வந்தான்னு சொல்லு.”

அதிகாரி ஒரு பெண். ஞானதுரை இதையெல்லாம் நல்ல இந்தியில், நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அதிகாரி தங்கமயிலைப் பார்த்தார்.

“ஜூட் ஹை, மேடம்,” என்றாள் தங்கமயில்.

பொய் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு இந்தி வரும். மிச்சத்தையும் தெரிந்த இந்தியிலேயே சொன்னாள்: ராத்திரி எத்தனை பேருக்குச் சோறு ஆக்கினாள், யார் யார் மிஷின் பக்கத்திலேயே விழுந்து தூங்கினார்கள் என்று. ஒதுங்கி நின்ற இசக்கிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. இசக்கிராஜுக்கு மட்டும் இல்லை, அந்தக் கார்கானாவில் தைத்த அத்தனை பேருக்கும். ஞானதுரை கொடுத்தார். கொடுத்த கையோடு ஊர்க்காரர் சங்கத்துக்குப் போய் நன்கொடையும் எழுதினார்.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. சொந்தங்களுக்கு இரட்டைக் கூலி அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று ஞானதுரைக்குச் சால்வை போர்த்தினார்கள். லேபர் ஆபீஸ் என்ற பேச்சே எழவில்லை. சிலர் கண் கலங்கினார்கள். தங்கமயிலையும் மேடைக்கு வரச் சொல்லித் தலைவர் மைக்கில் கூப்பிட்டார்.

முன்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கூடத்தின் கடைசியில் கைக்குழந்தையோடு இருந்த ஷர்மிளாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“அவளுக்கு மேடைன்னா கூச்சம்,” என்று ஞானதுரை மைக்கில் சிரித்தார். கூடமும் சேர்ந்து சிரித்துக் கைதட்டியது.

“கூச்சப்பட வேண்டிய ஆளு அங்க சால்வை போட்டுட்டுல்லா நிக்காவ,” என்றாள் தங்கமயில்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. முன்னால் இருந்தவர்கள் கைதட்டலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.