மடத்துத் திராட்சை

பிள்ளை வேண்டுகிற தம்பதி நோன்பிருந்து, மடத்துத் திராட்சை வற்றலை ஆளுக்குப் பாதியாகத் தின்பதுதான் செர்பியாவில் வழக்கம். ஆனால் அந்த வீட்டில் எட்டு வருஷமாக முழுப் பொட்டலத்தையும் தெசாங்கா ஒருத்திதான் தின்றாள். "குறை உன்கிட்ட. எம்மவன் எதுக்குத் திங்கணும்?" என்பாள் மாமியார். கணவன் மியோத்ராக் வாயே திறக்கமாட்டான்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவருக்கும் தாளில் படம் போட்டுக் காட்டினார். "இவங்களுக்கு மாசாமாசம் முட்டை ஒழுங்கா வருது. கருக்குழாய்லயும் அடைப்பில்ல. அந்த முட்டையோட சேர உங்க விந்துலதான் ஒரு உயிரணுகூட இல்ல. மீசை முளைச்சப்புறம் உங்களுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துச்சா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பட்டாளத்துல இருந்தப்ப வந்துச்சு. விதையெல்லாம் வீங்கிருச்சு" என்றான் மியோத்ராக், தரையைப் பார்த்தபடி. "இப்படி ஆகலாம்னு அப்பவே அங்க டாக்டர் சொன்னாரு."

தெசாங்கா அவனுக்கு முன்னால் நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

மேசைமேல் இந்த வருஷப் பொட்டலம் தயாராக இருந்தது. அதைப் பிரித்து அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"அவன் எதுக்குடி திங்கணும்?" என்று சீறினாள் மாமியார்.

"உங்க மகனையே கேளுங்க அத்தை. எட்டு வருஷமா அவருக்குத் தெரியும்."

மியோத்ராக் தலை நிமிராமல் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.