அடுப்பு இருந்தால் வீடு

"அடுப்பு இருந்தா வீடு. இல்லேன்னா அறை. கட்டட விதி அவ்வளவுதான்," என்றார் வரைபடக்காரர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

வீட்டின் பின்னால் இருந்த பழைய கொட்டகைக்கு முன் நால்வரும் நின்றிருந்தார்கள். செங்கல் சுவர், சாம்பல் நிற நெளிதகட்டுக் கூரை. முன்பு குடியிருந்தவர்கள் வண்டி நிறுத்தக் கட்டியது. அதைத் தனக்கு ஒழித்துத் தரும்படி மாமியார்தான் கேட்டார். மாடி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை என்றார். கீழே வேறு அறை கிடையாது என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை. மகன் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தடித்தான். கடைசியில் மருமகள்தான் வரைபடக்காரரை வரவழைத்தாள்.

"கூரையில ஒரு துண்டு சோதனைக்கு அனுப்பினோம்ல, முடிவு வந்துடுச்சு. கல்நார்தான், ஆஸ்பெஸ்டாஸ்," என்று அவர் தொடர்ந்தார். "பயப்படாதீங்க. தொடாத வரைக்கும் அது சாது. உடைச்சா, துளை போட்டா தூசி பறக்கும். நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. வெறும் அறைன்னா தகட்டை அப்படியே விட்டுட்டு, கீழ ஒரு உள்கூரை போட்டு மூடிடலாம். அனுமதியும் சீக்கிரம் வரும். அடுப்பு வெச்சா புகைபோக்கி வேணும், புகைபோக்கிக்கு ஓட்டை வேணும். ஓட்டைன்னு வந்துட்டா மொத்தத் தகட்டையும் எடுத்தாகணும். அதுக்கு உரிமம் வெச்சிருக்கிறவங்கதான் வரணும். அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே சொல்லணும். நனைச்சு எடுத்து, ரெட்டை உறை சுத்தி, அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல கொண்டுபோய்ப் புதைப்பாங்க. நாள் ஆகும்."

"புகைபோக்கியைச் சுவர் வழியா விட முடியாதா?" என்று மாமியார் கேட்டார்.

"வேலி பக்கத்துலயே இருக்கே அம்மா. விதி விடாது."

மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று வந்த கேள்வியல்ல அது. படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்து வைத்திருந்த கேள்வி.

"சும்மா இருக்கிற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்? அறைன்னே போடுங்க," என்றான் கணவன். "அம்மா, உனக்கு எதுக்கு அடுப்பு? இங்க என்ன உன்னைப் பட்டினியா போடறோம்?"

"பட்டினி போட்டாத்தான் அடுப்பு கேக்கணுமா?"

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா சார்? நான் வரையற வரைபடத்துல பாதி இதுக்குத்தான்," என்று வரைபடக்காரர் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அளவுநாடாவைச் சுருட்டினார். "எதுக்கும் ரெண்டையும் வரைஞ்சு குடுத்துடறேன். பேசி முடிவு பண்ணுங்க."

அந்தக் கத்தி மருமகளின் மேல்தான் பட்டது. இந்த வீட்டுக்கு மாமியார் வந்த நாளிலிருந்து அவள் அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கி வந்தாள். அவர் கரண்டியைத் தொட்டாலே "நீங்க உட்காருங்க அத்தை" என்பாள். தட்டு அவர் இருக்கும் இடத்துக்குப் போகும். அலுவலகத்தில் தோழிகள் தங்கள் மாமியார்களைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசும்போது, அவள் மட்டும் "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லப்பா" என்பாள். அதைச் சொல்லும்போது தன் குரலில் ஏறும் இனிப்பு அவளுக்கே தெரியும். இப்போது பின்புறத்தில் ஓர் அடுப்பு எரிந்தால் அந்த இனிப்புக்கு என்ன அர்த்தம்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு கணம், சமையலறை முழுக்கத் தனக்கு என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிந்தது. அதை நினைத்து அவள் அன்று முழுவதும் மாமியாரிடம் கூடுதல் அன்பாக இருந்தாள்.

வரைபடங்கள் வந்த அன்று இரவு சாப்பிடும்போது கணவன் குறுக்குவழி ஒன்று சொன்னான். "இப்போதைக்கு அறைன்னு அனுமதி வாங்கிடுவோம். வந்து பார்த்துட்டுப் போனதும் நானே ஒரு ஞாயித்துக்கிழமை துளை போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் நெஞ்சுக்குத் தெரியும், தூசி போச்சுன்னா," என்றார் மாமியார். "அதுவும் இல்லாம, திருட்டு அடுப்புல சமைக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? யாராவது கதவைத் தட்டினா அடுப்பைத் துணி போட்டு மூடணுமா?"

"அப்போ அறைதான். நாளைக்கு அவ போய்க் குடுத்துட்டு வரட்டும்."

மாமியார் கை கழுவ எழுந்து போனார்.

அன்று யாரையும் கேட்காமல் அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மருமகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா அத்தை?"

"நீ பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும். பதிலுக்கு நானும் பேசியிருப்பேன்."

"அப்புறம் என்ன குறை?"

"குறையே இல்லை. அதுதான்." அவர் துடைத்த துணியை உதறினார். அவர் முன்பு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். "நான் துணியை மூணா மடிக்கிறவ. அங்க எல்லாத்தையும் அப்படித்தான் மடிப்போம். இங்க வந்த அன்னிக்கு நீ ரெண்டா மடிச்சு வெச்சிருந்தே. அடுத்த நாள்லேருந்து நானும் ரெண்டா மடிக்கிறேன்."

"சொல்லியிருக்கலாமே! நான் மூணா மடிச்சிருப்பேனே."

"மடிச்சிருப்பே. தெரியும். அப்புறம் நீ மூணா மடிக்கிறதைப் பார்த்து நான் தினம் சங்கடப்படணும்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "ஒரு நாள் பசிக்கலேன்னா சமைக்காம இருக்கணும். ஏன் சாப்பிடலேன்னு யாரும் கேக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வாய்க்கவே இல்லை. முதல்ல அப்பா வீடு, அப்புறம் அவர், அப்புறம் பையன், அப்புறம் நீ. நீ எல்லாரையும் விட நல்லவ. அதனாலதான் உன்கிட்ட ரொம்பக் கஷ்டம்."

மருமகளுக்குக் கண் நிறைந்தது. கோபமா, வருத்தமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாமியார் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

மறுநாள் அனுமதி அலுவலகத்தின் மர பெஞ்சில் இரண்டு வரைபடங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வீடு அவள், கணவன் இருவர் பெயரிலும் இருந்தது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். மேலே இருந்தது அறைக்கான வரைபடம். அதைக் கொடுத்துவிட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். மாமியார் பின்னால் போய்த் தூங்குவார், சாப்பிட முன்னால் வருவார், இரண்டாக மடிப்பார். யாரும் எதையும் கிளற வேண்டியதில்லை. தொடாத வரைக்கும் சாது. வரைபடக்காரர் கூரையைப் பற்றித்தான் சொன்னார் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கைப்பேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"என்ன, குடுத்தாச்சா?"

"இல்லை. வீடுன்னுதான் குடுக்கப் போறேன்."

"தகடு எடுக்கணுமே. எத்தனை அலைச்சல் தெரியுமா?"

"அலையறேன்."

"அம்மா தனியாப் போறாங்கன்னு நேத்து ராத்திரி என்கிட்ட நீதானே அழுதே?"

"அழுதேன். இன்னிக்கும் அழுகை வருது. அதுக்காக அவங்க என் அடுப்புலயே இருக்கணுமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்க," என்றான். "சரி. என்னவோ பண்ணுங்க."

சேரவில்லை, பிரிகிறோம் என்று சொல்ல வாயெடுத்தவள், அழைப்பை முடித்துவிட்டு எழுந்தாள்.

சாளரத்தில் இருந்த அலுவலர் அம்மாள் வரைபடத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார். "கூரை கல்நாரா? முதல்ல தகடு எடுக்கிறதுக்கு அறிவிப்பு குடுக்கணும். எடுத்து முடிச்ச சான்று வந்தப்புறம்தான் இது நகரும். அதுவரைக்கும் யாரும் உள்ள போய்ச் சுத்தம் பண்றேன்னு பெருக்கக் கூடாது. வீட்ல பெரியவங்க இருந்தா முக்கியமாச் சொல்லுங்க, அவங்களாலதான் சும்மா இருக்க முடியாது." பிறகு பென்சில் முனையால் ஓரிடத்தைத் தட்டினார். "வீடுன்னு போட்டிருக்கீங்க, அடுப்பு எங்கேன்னு குறிக்கலையே. குறிச்சுக் குடுங்க."

அவள் ஒதுங்கி நின்று வீட்டுக்கு அழைத்தாள்.

"அத்தை, வீடுன்னு குடுத்துட்டேன். அடுப்பு எந்தச் சுவர்ல வேணும்?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை. அவர் உட்காருகிறார் போலும்.

"எங்கேயாவது போடேன்."

"சொல்லுங்க. இங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"உன் சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்தா தெரியாத பக்கமா..." என்றார் மாமியார். அவசரமாக, "தப்பா நினைச்சுக்காதே," என்று சேர்த்தார்.

"நினைச்சுட்டேன் அத்தை. ஆனா அங்கேயே போடறேன்."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத, கொஞ்சம் முரட்டுத்தனமான சிரிப்பு. அது அடங்கும்வரை அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு அலுவலரிடம் பென்சிலை வாங்கி, தன் ஜன்னல் எந்தத் திசையில் வரும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்து, அதன் கண்ணுக்கு எட்டாத மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டாள். பென்சில் மங்கலாக விழுந்திருந்தது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டாள்.