ஜாடியில் விழாத கரி

என் ஓரகத்தி வீட்டு மொட்டைமாடிக் கொடியில் என்றைக்கு என்ன காய்ந்தது என்று கேளுங்கள், நாலு வருடத்துக்கும் சொல்வேன். பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் மாடி ஏறுவேன். கண் தானாக அங்கே போய்விடும்.

கொழுந்தனும் அவளும் முதலில் எங்களோடுதான் இருந்தார்கள், இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்தெருவில். பிறகு மேட்டில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். ஆலைக் கரி மொத்தமும் எங்கள் தலையில். நானோ பள்ளிச் சீருடை தைக்கிறவள். வெள்ளைச் சட்டையை அலசிப் போட்டால் சாயங்காலத்துக்குள் புள்ளி புள்ளியாகக் கரி உட்கார்ந்திருக்கும். அங்கே மேட்டில் அவளுடைய வெள்ளை விரிப்புகள் பளிச்சென்று ஆடும். எனக்கு வயிறு எரியும். நன்றாகத் துவைக்கிறவளாக இருந்தாலாவது மனசு ஆறும். துணிக்குச் சோப்பைக் காட்டிவிட்டு எடுக்கிறவள் அவள்.

ஆலைமேல் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். அவள் வீட்டுக்கும் போனேன். துணியை உள்ளே காயப்போட்டால் போச்சு, இதற்கெல்லாமா மனு என்று கேட்டாள். பேனாவைத் தொடவே இல்லை. அதை நான் மறப்பேனா?

அவள் கையெழுத்து இல்லாமலே மனு ஜெயித்தது. அதிகாரிகள் வந்து விழுகிற தூசியை மாதாமாதம் எடை போட என் மாடியில் மூன்று கண்ணாடி ஜாடிகளை வைத்தார்கள். புகைபோக்கியை இரண்டு மடங்கு உயர்த்தச் சொல்லி ஆலைக்கு உத்தரவு போட்டார்கள். ஆலையும் உயர்த்தியது. முதல் மாதமே ஜாடியில் தூசி பாதியாகக் குறைந்தது. என் சட்டைகள் வெள்ளையாகவே காய்ந்தன.

அப்போதும் என் கண் அவள் கொடியில்தான் இருந்தது. புகைபோக்கி உயர்ந்த பத்தாம் நாள் அவள் விரிப்பு மங்கியது. வெள்ளையிலேயே பத்து வகை தெரிந்தவள் நான். அது சரியாகத் துவைக்காத அழுக்கில்லை, கரி. மூன்றாவது வாரம் கொடி காலி. துணியை உள்ளே காயப்போட ஆரம்பித்துவிட்டாள். மாடியில் தனியாக நின்று சிரித்தேன். பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒருநாள் கொழுந்தன் வந்தார். எட்டு வயது மகளுக்கு ஒரே இளைப்பாம், தினம் இரண்டு வேளை மருந்தை மூச்சில் இழுக்க வைக்கிறார்களாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் சத்தியமே வாங்கியிருக்கிறாள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், இப்போ தெரியுதா என்று ஒரு குரல் கேட்டது.

மூன்றாம் மாதம் ஆலை இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டது. முதலில் மனு கொடுத்தவள் என்று என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் ஓரகத்தி தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போடாதவள் எந்த முகத்தோடு வாயைத் திறப்பாள்? ஆலைப் பொறியாளர் விதிப்படி புகைபோக்கியை உயர்த்திவிட்டோம் என்றார். ஜாடியில் தூசி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, ஆகவே ஊருக்குக் கரி குறைந்துவிட்டது, இன்னொரு உலையை ஊர் தாங்கும் என்றார். உங்கள் தெருவில் கரி குறைந்ததா என்று அதிகாரி என்னைக் கேட்டார். குறைந்தது என்றேன். உண்மைதானே. உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அந்தக் குழந்தை மூச்சு விடுகிற விசில் சத்தம் கேட்டது. திரும்ப எழுந்தேன்.

"ஜாடி என் மாடியில மட்டும்தான் சார் இருக்கு. அதுல விழலைன்னா எங்கேயுமே விழலைன்னு நீங்களா வச்சுக்கிட்டீங்க. அதை யாரும் வாயைத் திறந்து சொல்லலை. ஆனா இவர் பேசினது பூரா அது மேலதான் நிக்குது. கரி கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தா?"

புகைபோக்கி உயர்வதற்கு முன்னும் பின்னும் மேட்டில் யார் அளந்தார்கள் என்று பொறியாளர் சிரித்தபடி கேட்டார். நான் அளந்தேன் என்றேன். எந்த விரிப்பு எந்த நாள் மங்கியது, கொடி எந்த வாரம் காலியானது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அடுத்தவர் வீட்டுக் கொடியை எதற்காக நாலு வருடம் தினமும் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

ஏதோ தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு தேதியைக்கூட அவர் நம்பியிருக்க மாட்டார்.

"பொறாமை சார். அவ துணி வெள்ளையா காயறதை என்னால தாங்க முடியலை. அதான் ஒரு நாள்கூட விடாம பாத்தேன்."

கூடமே சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. அதிகாரி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மேட்டிலும் மூன்று மாதம் ஜாடி வைத்து எடை போடுங்கள், உலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் என்று உத்தரவு போட்டார்.

விறுவிறுவென்று வெளியே நடந்தேன். ஓரகத்தி ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணு மாசமா நானும் உங்க கொடியைத்தான்க்கா பாத்துக்கிட்டிருக்கேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எரிஞ்சுது."

எனக்கு அது இனித்தது. மேட்டில் எடை போட்டு முடிகிறவரை குழந்தை என்னோடு இருக்கட்டும் என்று சொல்லி, அதன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குழந்தையின் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். கொடியின் நடுவில் நிறைய இடம் இருந்தது. ஆனாலும் மேட்டைப் பார்த்த கடைசி முனையில்தான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் தன் மாடிக்கு வந்து நின்றாள். நகரவே இல்லை. அவள் மனசு ஆறட்டும் என்று போட்டேனா, எரியட்டும் என்று போட்டேனா? இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.