ஜெபா சொன்னாளா, சொல்லவில்லையா

1

“அப்போ நான் அழுதேனா?”

“எனக்கு இன்னா தெரியும் ஜெபா? கல்யாணம் முடிஞ்சப்புறம்தானே நீ கம்பெனிக்கு வந்தே.”

“ஆமால்ல. கல்யாண வீடியோல அழுதுக்கினு இருக்கேன்க்கா. யாரோ அழுவுற மாதிரி இருக்குது.”

இந்தக் கதை இங்கேதான் பிறந்தது, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். நானும் ஜெபாவும் பிளாஸ்டிக் மூடிகளில் குறை பார்த்துக் கழிக்கும் பிரிவில் வேலை செய்கிறோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. எனக்குப் பஸ்ஸில் மொழிபெயர்ப்பு நாவல் படிக்கும் வியாதி. அவற்றில் ஞாபகத்தைத் தொலைத்தவர்கள் ஜன்னலோரம் அழகாக நிற்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்:

ஜெபாவின் மனம் பனி மூடிய ஏரியைப் போல

(கும்மிடிப்பூண்டியில் ஏது பனி? இது இப்படியே கிடக்கட்டும்.)

2

ஜெபா எல்லாவற்றையும் மறப்பவள் அல்ல. ஷிப்ட் மாறுவதை எனக்கு அவள்தான் நினைவுபடுத்துவாள். அவளிடம் தங்காமல் போவது அவள் வாழ்ந்த நாள்கள்தான். வலிப்பு வந்த நேரம் மட்டுமில்லை, நன்றாக இருந்த நாள்களும்கூடப் பதியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். தனக்குக் கல்யாணம் ஆனது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குள் இருந்தது தெரியாது.

போன மாதம் கணவன் எட்வர்ட் முன்னால் முதல்முறையாக வலிப்பு வந்தது. அவன் பயந்துபோய் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தான். தெளிந்ததும் அவளுடைய அம்மா விக்டோரியாவின் வீட்டில் கொண்டுவந்து விட்டான். வியாதியை மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள் என்பது அவன் குற்றச்சாட்டு.

மறைக்கவில்லை என்கிறார் விக்டோரியா. நிச்சயதார்த்தத்தில் பாஸ்டர் ஜெபாவின் தலையில் கைவைத்து, இந்தப் பிள்ளையின் வலிப்பை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபம் செய்தாராம். சபையில் ஜெபித்துவிட்டால் சொன்ன மாதிரிதானே?

எட்வர்டைக் கேட்டால், ஜெபம் நடக்கும்போது அவன் வாசலில் பந்தல்காரனோடு நின்றிருந்தானாம்.

3

விக்டோரியாவிடம் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. கல்யாணப் புடவை எடுக்கப் போன நாளில், திருவள்ளூர் ஸ்டேஷனில் அவர் டிக்கெட் வரிசையில் நிற்க, ஜெபாவும் எட்வர்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ரயில் ஏறியதும் ஜெபாவே சொன்னாளாம்: “அவராண்ட சொல்ட்டேம்மா.”

ஜெபாவுக்கு அந்தப் பெஞ்சே ஞாபகமில்லை.

ஆகவே நான் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: எட்வர்ட் கொய்யாப்பழம் வாங்கி வருகிறான். ஜெபா மிளகாய்த்தூளை ஊதிவிட்டுச் சொல்கிறாள். அவன் காதில் ரயில் சத்தம்தான் விழுகிறது.*

முடிவு ஆ: அதே கொய்யா. ஜெபா வாயைத் திறக்கிறாள். பிறகு கொய்யாவைக் கடிக்கிறாள். அம்மாவிடம் சொல்ட்டேம்மா என்று

(இதற்கு மேல் எழுத வரவில்லை. அவளைப் பொய்க்காரியாக்க நான் யார்?)

* ரயில் சத்தம் மலிவான தந்திரம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது ரயில்வே ஸ்டேஷன்.

4

இரண்டையும் பஸ்ஸில் படித்துக் காட்டினேன். ஜெபா அடுத்த வாரம் என் தோளைத் தட்டினாள்.

“அக்கா, கொய்யாப்பழம் துன்னமே, ஞாபகம் வருது. அவரு கொட்டையைத் துப்பிக்கினே இருந்தாரு. நான் சிரிச்சேன்.”

கொய்யா என் கற்பனை. அந்த ஸ்டேஷனில் எப்போதோ நான் தின்றது. ஆனால் எட்வர்ட் கொட்டையைத் துப்பியதை நான் எழுதவில்லை. நான் போட்ட விதை அவளுக்குள் முளைத்ததா? இல்லை, எனக்குத் தெரியாமலே நடந்ததைத்தான் எழுதிவிட்டேனா? எழுதிய தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இப்போது எனக்கே அவன் துப்புவது தெரிகிறது.

“சொன்னியா, அது ஞாபகம் வருதா?” என்று கேட்டேன்.

“அது நீ ரெண்டு மாதிரி எழுதிக்கிறியேக்கா.”

5

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எட்வர்ட் வருகிறான். மறைத்தேன் என்று ஜெபா ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே கூட்டிப்போவானாம். ஒத்துக்கொண்டால் என் முகத்தில் விழிக்காதே என்கிறார் விக்டோரியா. சும்மா ஒத்துக்கொண்டு போயேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

இந்த இடத்தில் கதையை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். ‘அ’வைத் தேர்ந்தால் அவள் என் வாக்கியத்தை நம்பிக் கணவனை எதிர்த்து நிற்பாள். ‘ஆ’வைத் தேர்ந்தால், செய்தாளோ இல்லையோ, ஒரு குற்றத்தைத் தன்னுடையது என்று நம்பி அவன் வீட்டில் வாழ்வாள். உங்களுக்கு இது படித்துவிட்டு மூடிவைக்கிற பக்கம். அவளுக்கு

இன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜெபா என் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடு. எதுவா இருந்தாலும் சரி. நான் படிச்சிப் படிச்சி ஞாபகம் வெச்சிக்கிறேன்.”