நல்லெண்ணெய் டின் ஒன்று

30.4.1997 புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, இரும்புலியூர் பிள்ளையார் கோயில் தெரு ஒன்பதாம் எண் வீட்டில் ஆஜராக இருந்தவர்கள்:

1. சுப்பராயலு, கோர்ட் அமீனா.
2. யக்ஞநாராயணன், நிதி கம்பெனி மேனேஜர்.
3. தையல்நாயகி, கடன்தாரர் சம்பத்தின் மனைவி.
4. தாவீது, தச்சு வேலை, பக்கத்து வீடு. சாட்சி.
5. அரிகிருஷ்ணன், மேற்படி தையல்நாயகியின் தம்பி. தூங்கிக்கொண்டிருந்தார்.

கடன்தாரர் சம்பத் ஆஜரில் இல்லை.

இந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான், ஐந்தாம் நம்பர். அமீனா மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மேனேஜர் எழுதினால் ஒருதலைப்பட்சம் ஆகுமாம். பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவனுக்கு மிஞ்சியது கையெழுத்து ஒன்றுதான். சானடோரியம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை பக்கெட்டுக்குக் கைப்பிடி மாட்டுகிறேன். பகலில் தூங்குகிறவனை எழுப்பி, அவன் வீட்டையே ஜப்தி செய்யும் மகஜரை அவனையே எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? கையெழுத்து மட்டும் நன்றாகத்தான் வந்தது. "தூங்கிக்கொண்டிருந்தார்" என்பதை அமீனா விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்னார்.

"உண்மைய எழுதணும் தம்பி. நாளிக்கு ஜட்ஜ் கேப்பாரு."

சம்பத் மாமா பல்லாவரம் தோல் கம்பெனிகளுக்கு லோடு அடிக்க இரண்டு டெம்போ வாங்கினார். வீட்டுப் பத்திரத்தை நிதியில் வைத்துத்தான் வாங்கினார். இரண்டு எதற்கு என்று அக்கா கேட்டபோது, ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று ஓடும் என்றார். அப்புறம் தோல் கம்பெனிகளே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. இரண்டு டெம்போவும் சேர்ந்து படுத்தன. நிதி கோர்ட்டுக்குப் போய் வீட்டை எடுத்துக்கொள்ள உத்தரவு வாங்கியது. அந்த நிதிக்கு ஒரு தீர்மானம் உண்டு. வீட்டில் பூட்டு விழுவதற்குள் பாக்கியைக் கட்டினால் வீடு நம்முடையது. பூட்டு விழுந்தபின் கட்ட வந்தால், காபி கொடுத்து அனுப்புவார்கள்.

ராணிப்பேட்டையில் ஒருவன் இரண்டு டெம்போவையும் எடுத்துக்கொண்டு மே இருபதாம் தேதி முழுப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தான். மாமா அவனை நம்பி அங்கேயே போய் உட்கார்ந்திருந்தார். வாரண்டோ ஏப்ரல் முப்பதோடு முடிகிறது. மறுநாளிலிருந்து கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் திறந்து, மறுபடி வாரண்டு வாங்கி வர எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பொழுது சாய்ந்தபின் வீட்டைப் பூட்டக் கூடாது என்பதும் சட்டம். ஆக, சாயங்காலம் ஆறு இருபது வரை பூட்டு விழாமல் இருந்தால் போதும்.

இதெல்லாம் அக்காவுக்கு அமீனாவே சொன்னது. போன வாரம் நோட்டீஸ் ஒட்ட வந்தவர், மோர் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டியவர்கள். யக்ஞநாராயணன் ராகு காலம் கழியட்டும் என்று தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலேயே ஒன்றரை வரை நின்றுவிட்டார். அது அவருடைய முதல் தப்பு. புது வீட்டை எடுத்துக்கொள்ளப் புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பிய சத்தம் கேட்டதும் அக்கா கூடத்தில் குத்துவிளக்கை நடுவில் வைத்து, ஐந்து முகத்திலும் திரி போட்டு, எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றி ஏற்றிவிட்டாள். பிறகு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

முதல் ஒரு மணி நேரம் சாமான்கள் வெளியே போயின. கட்டில் ஒன்று. பீரோ ஒன்று, சாவி இல்லாதது. கிரைண்டர் ஒன்று. நான் எழுதினேன், தாவீதும் ஆட்டோக்காரரும் தூக்கினார்கள். என் பாயைக்கூட ஐட்டம் பதினொன்று என்று எழுதித் தெருவில் போட்டார்கள். வீடு காலியானது. நடுவில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாமா இது?" என்றார் அமீனா.

"வௌக்கு" என்றாள் அக்கா.

"தெரியுது. அத்த எடும்மா."

"நான் எடுக்க மாட்டேன். நீங்க வேணா அணைச்சிட்டு எடுத்துக்குங்க."

அமீனா இரண்டடி பின்னால் போனார். "நானா? எனக்கு ரெண்டு பொண்ணு கீது. மூத்தது முழுகாம கீது. இன்னொருத்தர் வூட்டு வௌக்க நான் அணைக்கறதா? மேனேஜர் சார், உங்க வூடுதான இனிமே, நீங்களே பாருங்க."

யக்ஞநாராயணன் பஞ்சகச்சம் கட்டாத குறை. நெற்றியில் அன்று காலையில் இட்டது இன்னும் ஈரமாக இருந்தது. "விளையாடறேளா? நான் எப்படி அணைக்கறது? கோர்ட் உத்தரவை நிறைவேத்த வேண்டியது நீர்."

"உத்தரவுல வௌக்குன்னு எங்க போட்டுகிது?"

"அப்போ அப்படியே உள்ள வெச்சுப் பூட்டிடும்."

"நெருப்ப உள்ள வெச்சிப் பூட்டி, வூடு எரிஞ்சிச்சின்னா? என் பென்ஷன நீ குடுப்பியா?"

மேனேஜர் யோசித்தார். "எரியறபடியே வெளில தூக்கிண்டு போய் வெச்சுடலாமே?"

அக்கா வாசலைக் காட்டினாள். தெருவில் எங்கள் பீரோவைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். "தாராளமா தூக்கிட்டுப் போங்க சார். எரியற வௌக்கு வாசப்படி தாண்டினா மகாலட்சுமியும் கூடவே போயிடுவா. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அப்புறம் இந்த வூட்ட யாருக்கு விப்பீங்கன்னு யோசிச்சிக்குங்க."

கூட்டத்தில் யாரோ, "லட்சுமி போன வூட்ட பாதி ரேட்டுக்குக் கேக்கலாம்பா" என்றான். மேனேஜர் விளக்கை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்ன புழுக்கம்" என்று பொதுவாகச் சொல்லி, மின்விசிறி சுவிட்சைத் தட்டினார். காற்று அணைத்தால் அது யாருடைய பாவமும் இல்லை. விசிறி அசையவில்லை.

"கரண்ட் கட் பண்ணிட்டாங்க சார்" என்றாள் அக்கா. "பில் கட்டல. இருந்த காச உங்க தவணைக்குக் கட்டிட்டோம்."

அடுத்து தாவீதைக் கூப்பிட்டார்கள். தாவீது சர்ச்சில் கோயில்பிள்ளை வேலையும் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லா மெழுகுவத்தியையும் அவர்தான் அணைப்பார். மேனேஜர் ரொம்ப மரியாதையாக, "உங்களுக்கு இதுல ஒண்ணும் தோஷம் இல்லையே" என்றார்.

"எனுக்கு தோஷம் இல்ல சார். ஆனா நான் இங்க குடியிருக்கணுமா வேணாமா? இப்ப நான் ஊதிட்டேன்னு வெச்சிக்க. நாளிக்கு இந்தத் தெருவுல எவனுக்கு வயித்தால போனாலும், தாவீது ஊதுனதுதாம்பான். ஆட்டுக்குட்டி செத்தாக்கூட என் வூட்டாண்டதான் வந்து நிப்பான். பேஜார் சார். நம்மளால ஆவாது."

ஆட்டோக்காரர் கூப்பிடுவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மிச்சம் நான்.

"தம்பி, பார்த்தா உனக்கு சாமி நம்பிக்கை எல்லாம் இருக்கறாப்ல தெரியலையே" என்றார் மேனேஜர்.

"தூங்காத மூஞ்சி சார் இது" என்றேன்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு ஊது ஊதியிருக்க முடியும். நாலு மணி நேரமாவது தூங்கியிருப்பேன், தெருவில் பாய் தயாராக இருந்தது. ஆனால் அக்கா என்னைப் பார்த்த பார்வையில், அணைவது விளக்காக இருக்காது என்று தெரிந்தது.

மூன்றரை மணிக்கு மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். "அணைக்க வேண்டாம். தானா அணையட்டும். எண்ணெய் எத்தனை நேரம் வரும்?"

அமீனா குனிந்து பார்த்தார். "அஞ்சு, அஞ்சரைக்கு முடிஞ்சிடும்."

"அப்போ எண்ணெய் யார் கைலயும் கிடைக்கப்படாது." மேனேஜர் சமையலறை மூலையில் விட்டுப்போயிருந்த எண்ணெய் டின்னைத் தானே எடுத்து வந்தார். என்னை எழுதச் சொன்னார். ஐட்டம் பதினான்கு: நல்லெண்ணெய் டின், ஒன்று, முக்கால் அளவு. அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விளக்குக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா சுவரோரம் உட்கார்ந்தாள். அமீனா வாசற்படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன். பெரிய மனுஷர்கள் நாலு பேர் ஒரு விளக்கு எப்போது சாகும் என்று காத்திருந்தோம். அது ஒன்றும் அவசரப்படவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு முகம் அணைந்தது. மேனேஜர் முகம் மலர்ந்தது. ஐந்தேகாலுக்கு இன்னொன்று.

"நல்ல திரி" என்றார் அமீனா. "எங்க வாங்கினமா?"

"பழைய வேட்டிய நானே திரிச்சது."

"மேனேஜர் சார், டின்ன கொஞ்சம் நிமித்திப் பிடி. வேட்டில வழியுது."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

ஐந்தரைக்கு மூன்றாவது. அடுத்த பத்து நிமிஷத்தில் நான்காவது. ஒரே ஒரு முகம் பாக்கி. தெருவில் பேச்சு நின்றுவிட்டது. ஜன்னல் கம்பியில் தலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அமீனா எழுந்து, மேனேஜர் சாவியோடு ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த புதுப் பூட்டை எடுத்து, ஒருமுறை திறந்து மூடிப் பார்த்து, அங்கேயே வைத்தார். அக்கா விளக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அழவில்லை. கெஞ்சவும் இல்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மணி ஆறு. தெருவிளக்கு எரிந்தது. பிள்ளையார் கோயிலில் மணி அடித்தார்கள். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் விளக்கேற்றி வைத்தார்கள். எங்கள் வீட்டுச் சுடர் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியது. நீலமானது. திரி ஒரு பக்கம் சாய்ந்தது. படபடவென்று பொரிந்தது.

"ஐயையோ!" என்று ஒரு குரல். "சந்தி வேளைல விளக்கு அணையறதே! பார்த்துண்டு இருக்கேளே எல்லாரும்!"

யக்ஞநாராயணன் முழங்காலில் தவழ்ந்துபோய், விரலாலேயே திரியைத் தூண்டி, டின்னைக் கவிழ்த்து எண்ணெய் ஊற்றினார். விளக்கு நிறைந்து தட்டில் வழிந்தது. சுடர் நிமிர்ந்தது. அதோடு விடவில்லை. அணைந்திருந்த நாலு திரியையும் அதிலிருந்தே ஏற்றினார். இரண்டு விரலையும் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, கைகூப்பிக் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மடியில் காலி டின். ஐம்பது வருஷப் பழக்கம், பாவம், நிதி கம்பெனியில் சேர்வதற்கு முன்பே வந்தது.

"சார்" என்றார் அமீனா மெதுவாக, "இன்னா சார் பண்ண?"

ஜன்னலில் யாரோ கை தட்டினான். தாவீது, "ஸ்தோத்திரம்" என்றார்.

ஆறு இருபதுக்கு அமீனா கடிகாரத்தைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுதச் சொன்னார். எழுதினேன்: "மேற்படி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தபடியால் பொழுது சாயும்வரை பூட்ட இயலவில்லை. வாரண்டு திருப்பப்படுகிறது."

"எண்ணெய் ஊத்துனது யார்னு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அவருக்கும் கொழந்த குட்டி கீது."

"உண்மைய எழுதணும்னீங்களே."

"எழுதுனத எழுதிட்ட. மூடு."

மேனேஜர் கையெழுத்துப் போட்ட இடத்தில் பெரிய எண்ணெய்க் கறை விழுந்தது. சாட்சிக் கையெழுத்தைத் தாவீது அதற்கு மேலேயே போட்டார்.

சாமான்களை உள்ளே தூக்குவதற்குத் தெருவே வந்தது. பீரோவின் ஒரு மூலையை அமீனா பிடித்தார். என் பாயை நானே கொண்டுவந்து போட்டேன். படுக்க நேரமில்லை, ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். அமீனா, மேனேஜர், நான் மூன்று பேரும் ஒன்றாகப் படியிறங்கினோம்.

மேனேஜர் திரும்பிப் பார்த்து, "இருபதாம் தேதி பணம் வந்துடுமோல்லியோ?" என்றார். கேட்ட தினுசில் அவருக்கே வர வேண்டிய பணம் போல இருந்தது.

"வந்துரும் சார்" என்றாள் அக்கா.

எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஆட்டோவில் ஏறப்போனவர் சட்டைப் பையைத் தடவினார். "அம்மா, என் பூட்டு! ஜன்னல்ல வெச்சேனே, புதுசு!"

அக்கா கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று நான் எழுதிய சாமான் பட்டியலின் நகலைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"இதுல பூட்டுன்னு எதுவும் இல்லியே சார்" என்றாள்.

பிறகு மேனேஜரின் முகத்துக்கு நேராகக் கதவை இழுத்துச் சாத்தி, கம்பி வழியாகக் கையை விட்டு, அந்தப் பூட்டையே போட்டுப் பூட்டினாள்.