வில்ஃப் பாஸ்கோவின் கல்லறைப் படம்

தன் கல்லறையின் புகைப்படத்தை வில்ஃப் பாஸ்கோ பார்த்தபோது அவன் வாயில் ஆட்டிறைச்சி ரொட்டி பாதி மென்றபடி இருந்தது. விழுங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. செத்தவன் சாப்பிடலாமா என்பது பற்றி ராணுவத்தில் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

மூன்று பிரதிகள். மூன்றிலும் ஒரே மரச்சிலுவை. அதில் அவன் பெயர், அவன் எண். கூடவே அம்மாவுக்கு ராணுவத்திலிருந்து ஒரு கடிதம்: பிரான்சில் சிதறிக் கிடந்த உடல்களைத் தோண்டி ஒரே மயானத்தில் சேர்த்தபோது, மேல்கோட்டுப் பையில் இருந்த அடையாள வில்லையைக் கொண்டு தங்கள் மகனென்று அறிந்தோம். கல்லில் பொறிக்கும் வாசகம் அறுபத்தாறு எழுத்துக்கு மிகாமல் இருக்கட்டும்.

"அறுபத்தாறு எதுக்கு? உன்னைச் சொல்ல ஆறே போதும்டா, உதவாக்கரைன்னு," என்றாள் அம்மா எடித். சொல்லிக்கொண்டே அவன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. போர் முடிந்து வீடு திரும்பி ஒரு வருடமாக அவன் இந்த மேசையில்தான் தின்றுகொண்டிருக்கிறான்.

உறையைக் கொண்டுவந்த மிசஸ் ஹாலம் இன்னும் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் மாலி வறண்ட சீமையில் கோதுமை விளைக்கும் அந்தச் சின்ன ஊருக்கு அவள்தான் தபால்காரி. அவள் மகன் லெஸ்ஸும் வில்ஃபும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். லெஸ்ஸைக் 'காணவில்லை' என்று தந்தி வந்து நாலு வருடம் ஆகிறது.

"பாத்தியா எடித்! உசிரோட இருக்கறவனுக்கே சிலுவை நட்டுட்டானுங்க! இவனுங்க எம்புள்ளயக் காணோம்னு சொன்னா, எவளோ பிரெஞ்சுக்காரி சமையலத் தின்னு குண்டாயிட்டான்னு அர்த்தம்!"

அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து நாலு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

வில்ஃபின் கண் 'மேல்கோட்டு' என்ற சொல்லைத் தாண்டவில்லை. நவம்பர் மாதச் சேறு. கயிறு அறுந்த வில்லையைக் கோட்டுப் பையில் போட்டது. அது சேற்றில் தொலைந்தது என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"மிசஸ் ஹாலம்... அந்தக் கோட்டு அப்போ என்கிட்ட இல்ல."

"எந்தக் கோட்டு?"

"தாக்குதலுக்கு முந்தின நாள் ரெண்டு காசைச் சுண்டி ஆடினோம். எல்லாம் தோத்து, கடைசியா கோட்டை வெச்சேன். ரெண்டும் தலை விழுந்துச்சு. லெஸ் ஜெயிச்சுட்டான். அதைப் போட்டுக்கிட்டுத்தான் அவன்..."

அவள் சிரிப்பு உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு முறை தானாக வந்தது. பிறகு நின்றது.

"அந்தக் குளிர்ல கோட்டு இல்லாம நீ என்னடா பண்ணின?" என்று கேட்டாள்.

வில்ஃப் மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

மிசஸ் ஹாலம் ஒரு படத்தை எடுத்து, சிலுவையில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் மூடிப் பார்த்தாள். பிறகு மூன்றையும் அடுக்கி உறைக்குள் போட்டாள்.

"வீடு மாத்திக் குடுத்துட்டேன் எடித்," என்றாள்.

உறையை மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். ஊருக்குச் சேரவேண்டிய மற்றக் கடிதங்களெல்லாம் பையோடு மேசையிலேயே கிடந்தன.