செக்கர் போட்ட இரண்டு மார்க்

"சார், நீங்க என்ன பல்வலியோட போய்ப் படம் பார்த்தீங்களா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. நாலு பேர் கேக்கறாங்க."

"கேக்கட்டுமே! நீங்க போட்ட ரெண்டு மார்க்கை நாலு மாடியும் படிச்சாச்சு. என் பேச்சையும் கேட்டுட்டுப் போகட்டும்!"

லிப்ட் வாசலில் நடந்த சண்டை இது. கத்தியவள் மூன்றாம் மாடிக்காரி. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள். வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றவர் இரண்டாம் மாடி செக்கர். சட்டை தைக்கும் ஆலையில் அவருக்குச் செக்கிங் வேலை. பிரிந்த தையல், கோணல் காலர், பொத்தான் இல்லாத கை என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். மனிதர் வீட்டுக்கு வந்தும் அந்த வேலையை விடுவதில்லை என்பது கூடவே இருக்கும் அக்காவின் புகார். சாப்பாட்டுத் தட்டைக்கூட முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம்.

அவருக்கு வார விடுமுறை செவ்வாய். காலைக் காட்சி, கடைசி வரிசை, மடியில் நோட்டு. மறுநாள் லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில், தண்ணீர் நிற்கும் நேரத்துக்கும் குப்பை எடுக்கும் நாளுக்கும் நடுவே அவருடைய தாள் தொங்கும். நகைச்சுவைப் படம் மட்டும்தான் பார்ப்பார். மனிதர்களைக் கண்டு பேய் நடுங்கும் படத்துக்கு அந்த மாதம் பத்துக்கு நான்கு மார்க்: 'பேய் நன்றாக நடித்தது. மனிதர்கள்தான் சரியில்லை.' மாமனாரும் மருமகனும் ஒரே வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் படத்துக்கு ஐந்து: 'மாமனாருக்கே வேலை கொடுத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.' குடியிருப்பு இதைப் படித்துச் சிரித்துவிட்டு, படத்துக்குப் போகாமல் இருந்துவிடும். ஆலையில் அவர் இருநூறு பேரில் ஒருவர். இந்தப் பலகைக்கு முன்னால்தான் அவர் ஓர் ஆள்.

சண்டை, திருடன் படத்தைப் பற்றியது. திருடப் போன வீட்டில் அவனைக் குழாய் ரிப்பேர்க்காரன் என்று நினைத்து, கையில் ஸ்பானரைக் கொடுத்துவிடுகிறார்கள். செக்கர் எழுதியிருந்தார்: 'ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் வெறும் மௌனம். திருடன் குழாயைப் பார்க்கிறான், நாம் திருடனைப் பார்க்கிறோம். எடிட்டர் தூங்கிவிட்டார். இரண்டு.'

"எனக்கு இன்னும் விலா வலிக்குது சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு எங்களோட வாங்க. நீங்க சிரிக்கலைன்னா இதே பலகையில நான் மன்னிப்பு எழுதறேன். சிரிச்சிட்டீங்கன்னா, இனிமே மார்க் போடற வேலையே வச்சுக்கக் கூடாது."

"போய்த்தான் பாரேன்டா" என்றாள் அக்கா. "உன் பல்லைப் பார்த்துப் பத்து வருஷமாச்சு. இருக்கா, விழுந்துடுச்சான்னே தெரியல. விழுந்திருந்தா இவகிட்டயே ஒரு செட்டுக்குச் சொல்லிடலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இனி மறுத்தால் அந்தப் பலகைப் பக்கம் தலைகாட்ட முடியாது. செக்கர் வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு மாலை அரங்கு நிரம்பி வழிந்தது. செக்கர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். திருடன் குழாயடியில் மண்டியிட, வீட்டுக்காரர் கேட்டார்: "எத்தனை வருஷ அனுபவம்?" திருடன் சொன்னான்: "ஏழு. நன்னடத்தைக்காக ஆறு மாசம் குறைச்சாங்க."

அப்புறம் அந்த மௌனம். செவ்வாய்க்கிழமை ஆளில்லாத அரங்கில் இதே இடத்தில் அவர் கேட்டது குழாய் சொட்டும் சத்தம் மட்டும்தான். இன்றைக்கு முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வரிசை வரிசையாக ஏறி வந்து அவரைத் தாண்டிப் பின்சுவரில் மோதித் திரும்பியது. திரையில் திருடன் அசையாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தான். அது அடங்கிய நொடியில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஓர் எழுத்துகூடத் தவறிப்போகவில்லை.

செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு வினாடி மௌனம், நான்கு வினாடிச் சிரிப்பு. இன்னொரு இடத்தை 'ஒன்பது வினாடி, தண்டம்' என்று குறித்திருந்தார். அங்கே சிரிப்பு எழுந்து, தணிந்து, நடுவரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் போட, மறுபடி எழுந்தது. சரியாக ஒன்பது. எங்கோ ஒரு பூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த எடிட்டர் ஒருவனுக்கு, இந்த ஊர் இந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரம் சிரிக்கும் என்று எப்படித் தெரிந்தது? முகம் தெரியாத முந்நூறு பேருக்கு, அளவே எடுக்காமல் ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறான். கை, கழுத்து, தோள் எல்லாம் கச்சிதம். இவரோ அதை ஆளில்லாமல் ஹேங்கரில் மாட்டிப் பார்த்துவிட்டு, தொளதொளவென்று இருக்கிறது என ஒதுக்கியிருக்கிறார்.

இடைவேளையில் பல்செட்காரி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். வாய் பிளந்திருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

"என்ன சார், சிரிக்கவே இல்லையே! நான் தோத்துட்டேனா?"

"இருங்க, பேசாதீங்க. ஆரம்பிக்கப் போறாங்க."

கடைசி வரைக்கும் அவர் சிரிக்கவில்லை. பிரமிப்பில் சிரிக்க மறந்துவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா, "பேயடிச்ச மாதிரி நடக்காதடா" என்று முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை, பேச்சு மாறாத பல்செட்காரி பேனாவோடு பலகைக்கு வந்தாள். பந்தயத்தில் ஜெயித்தவர் அவர்தான். பேசாமல் இருந்திருந்தால் அவளுடைய மன்னிப்பும் கிடைத்திருக்கும், பலகையும் மிஞ்சியிருக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு தாள் தொங்கியது.

'திருடன் படத்துக்கு நான் போட்ட இரண்டு மார்க்கைத் திரும்பப் பெறுகிறேன். காலி அரங்கில் உட்கார்ந்து, ஆட்கள் நிரம்பவேண்டிய இடத்தைக் குறை என்று எழுதிவிட்டேன். பேய்ப் படமும் மாமனார் படமும் இதில் சேர்த்தி. அவற்றுக்கும் போய் வாருங்கள், கூட்டமாகப் போங்கள். இனி இங்கே மார்க் வராது.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "யார் சார் உங்களை மார்க்கை எடுக்கச் சொன்னா? நீங்கதான் சிரிக்கலையே!"

"அதனாலதான் எடுத்தேன்" என்றார் செக்கர். ஆலைக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கினார். இரண்டு வாரம் யாரும் அவரிடம் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவருக்கு வலித்தது என்று அக்கா நாலு வீட்டில் சொன்னாள்.

பிறகு அவர் வார விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றி வாங்கினார். மூன்றாம் மாடி வீட்டார் டிக்கெட் எடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவரும் பல்செட்காரியும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அக்கா, "எனக்கினி இங்க என்ன வேலை?" என்று மகள் வீட்டோடு போய்விட்டாள். புதுத் தம்பதி தியேட்டருக்குப் பின்தெருவில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோனார்கள்.